மலையேற்றமும் மலையிறக்கமும்

ஜவ்வாது மலைக்குப் போய்விட்டு வந்த நண்பர் ஒருவர், வந்த கையோடு என் வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் பேசினார். உச்சியில் நின்று பார்த்த சூரியோதயம், கீழே பஞ்சுப் பொதியாய்க் கிடந்த மேகம், பாறைமேல் நின்ற மயில், ஈர மண்ணில் கரடியின் காலடித் தடம் என்று ஒன்று விடாமல் சொன்னார். நல்ல ரசிகர். சந்தோஷமாகவே கேட்டுக்கொண்டிருந்தேன். புறப்படும்போது, வாசற்படியில் நின்றபடி ஒரு வார்த்தை சொன்னார்:

"ஒரே ஒரு கவலைதான் சார். உள்ளே இருக்கிற ஊர்களுக்கெல்லாம் ரோடு போடப் போகிறார்களாம். போட்டார்களானால் மலை போயிற்று!"

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இந்தக் கட்டுரை. அது அவர் ஒருவருடைய அபிப்பிராயம் என்றால் சிரித்து அனுப்பியிருப்பேன். படித்தவர்களும் பண்புள்ளவர்களும் எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர்களுமான நம்மில் பலருடைய அபிப்பிராயம் அது. ஆகவே பதில் சொல்லத்தான் வேண்டும்.

நான் மலையேறுவதற்கு விரோதி அல்ல. தமிழ்நாட்டு அரசு 2024 அக்டோபரில் 40 மலைப் பாதைகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். வழிகாட்டிகளாக அந்தந்த மலைப் பகுதிக்காரர்களையே அமர்த்தினார்கள் என்று அறிந்தபோது இரட்டிப்புச் சந்தோஷம். வியர்க்க நடக்கட்டும், காட்டுக்கோழியின் குரலைக் கேட்கட்டும். நமது ஜனங்களுக்கு இது வேண்டியதுதான்.

நானும் ஜவ்வாது மலையில் ஏறியிருக்கிறேன். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு பஸ், அங்கிருந்து உள்ளே ஒரு சிற்றூர், அதற்குமேல் கால்நடை. துணைக்கு வந்தவர் ஐம்பது வயதுள்ள ஒரு மலையாளி. மலையாளி என்றதும் கேரளத்தை நினைக்க வேண்டாம். மலையில் வாழ்வதால் அந்தப் பெயர். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் தாங்கள் என்று பரம்பரையாகக் கதை சொல்லிவரும், சாமை விதைத்துத் தேன் எடுத்துப் பிழைக்கும் தமிழ் பேசுகிற பழங்குடி ஜனங்கள் அவர்கள். பேருக்குப் பின்னால் கவுண்டர் என்று போட்டுக்கொள்வார்கள். பாதி வழியில் ஒரு புளிய மரத்தடியில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டுபோன எலுமிச்சஞ் சாதத்தைப் பிரித்தேன். எதிரே பள்ளத்தாக்கு. அப்படி ஒரு காட்சி! மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டேன்:

"கவுண்டரே, இந்த வழியில் எத்தனை தரம் ஏறியிருப்பீர்கள்?"

"ஏறுனதுக்கு ஏது சார் கணக்கு? எறங்குனதுதான் ஞாபகம் இருக்குது."

"அப்படியென்றால்?"

"எங்கம்மாவ டோலி கட்டி இப்பிடித்தான் தூக்கிக்கினு வந்தோம், ஆஸ்பத்திரிக்கி. இந்த மரத்தாண்ட எறக்கி வெச்சிப் பாத்தோம். அப்பறம் கீழ போவல சார். திரும்பி மேல ஏறிட்டோம்."

அவர் அதை வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. வழி சொல்வதுபோலச் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் காட்சி பார்க்க உட்கார்ந்த இடத்தில் அந்த மனிதர் தாயை இழந்திருந்தார்.

இதைக் கதாசிரியனின் கற்பனை என்று தள்ளிவிடுகிறவர்களுக்குப் பத்திரிகையில் வந்ததைச் சொல்கிறேன். 2023 மே மாதம். அதே மலைத்தொடரில், வேலூர் மாவட்டத்து அல்லேரிப் பக்கம் அத்திமரத்துக்கொல்லை என்ற ஊர். ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு தீண்டியது. ரோடு இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் குழந்தை இறந்துவிட்டது. திரும்பி வரும்போதும் அதே கதிதான். ஆம்புலன்ஸ் அரைவழியோடு நின்றுவிட, பெற்றவள் அந்தச் சின்ன உடலைக் கையில் ஏந்தியபடி பத்துக் கிலோமீட்டர் நடந்து ஊருக்குப் போனாள். அவள் நடந்ததும் மலைப்பாதையில்தான். அங்கேயும் பள்ளத்தாக்கு இருந்திருக்கும், மேகம் இருந்திருக்கும், மயில் அகவியிருக்கும்.

"மலையில் ரோடு போடுவது அத்தனை சுலபமா?" என்று கேட்பார்கள். சுலபமில்லைதான். ஆனால் வேண்டும் என்று நினைத்தால் நடக்கிறதா இல்லையா என்று பாருங்கள். அதே ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. வானம் பார்க்கத் தோதான இடம் என்று விஞ்ஞானி வைணு பாப்பு அதைத் தேர்ந்தெடுத்தார். 1968-இல் முதல் தொலைநோக்கி, 1972-இல் ஒரு மீட்டர் விட்டமுள்ளது, 1986-இல் 2.34 மீட்டர், அதாவது ஏழரை அடிக்கு மேல் அகலமான ஆடியுடன் ஒரு பெரிய தொலைநோக்கி. 1977-இல் யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் உண்டு என்பதற்குத் தடயம் கண்டவர்களில் காவலூர்க்காரர்களும் உண்டு. எனக்கு அதில் பெருமைதான். ஆனால் ஏழரை அடிக் கண்ணாடி ஏறுவதற்கு வழி கிடைத்த மலையில், மூன்றடிக் குழந்தை இறங்குவதற்கு வழி கிடைக்கவில்லையே! காவலூருக்கு ரோடு போனபோது "மலை போயிற்று" என்று நம்மில் யார் அழுதோம்?

அடுத்த ஆட்சேபம், "ரோடு வந்தால் மரம் போய்விடும்" என்பது. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஜவ்வாது மலையின் சந்தனம் எப்படிப் போயிற்று? திருப்பத்தூரில் அரசாங்கம் சந்தனக் கிடங்கே வைத்திருந்த மலை அது. திருட்டுச் சந்தனம் தார் ரோட்டுக்காகக் காத்திருக்கவில்லை. ஒற்றையடிப் பாதையில் தலைச்சுமையாகவே இறங்கியது. வாங்கினவன் சமவெளியில் இருந்தான். பிழைக்க வழியில்லாத ஊரின் ஆள், கூலிக்கு யாருடைய கோடாலியையும் தூக்குவான். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலக் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டதில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேர் இறந்தார்கள். செம்மரம் வெட்டப் போனவர்கள் என்றார்கள். அவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். ரோடு இல்லாததால் மரமும் பிழைக்கவில்லை, மனிதனும் பிழைக்கவில்லை.

மரத்தின் கவலை சட்டத்துக்கும் இருக்கிறது. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம், காட்டு ஊர்களுக்குப் பள்ளிக்கூடம், மருந்தகம், ரோடு போன்றவற்றுக்கு இடம் கொடுக்கலாம் என்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். கவனியுங்கள், கேட்க வேண்டியது கிராம சபையை. சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்புகிற நம்மை அல்ல.

நமக்கு இந்த மனம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கிறேன். நம் முன்னோர்களிடமிருந்து வரவில்லை. ஜவ்வாது மலைக்கு அடுத்தாற்போல் நிற்கும் பர்வதமலைதான் பழைய நவிரமலை என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். செங்கத்துப் பக்கம் ஆண்ட நன்னனைப் பார்க்கப் போகும் கூத்தர்களுக்கு அந்த மலைவழியைச் சொல்லும் நூல்தான் மலைபடுகடாம். அதில் காட்சி இல்லையா? ஏராளம். மலையில் எழும் ஓசைகளை மட்டுமே வரிசையாக அடுக்குகிறது. ஆனால் பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு எங்கே, வழுக்கும் இடம் எது, தினைப்புனம் காப்பவன் வீசும் கவண்கல்லுக்கு எப்படித் தப்புவது, எந்தக் குடியில் என்ன சோறு போடுவார்கள் என்பதையும் சொல்கிறது. அந்தப் புலவருக்கு மலை என்றால் அதில் மனிதர்களும் சேர்த்தி. நமது புகைப்படங்களில் அவர்கள் குறுக்கே வந்தால் "கொஞ்சம் நகருங்கள்" என்கிறோம்.

நண்பருக்கு மறுநாள் கடிதம் எழுதினேன். அடுத்த தடவை உச்சி வரைக்கும் தாராளமாக ஏறுங்கள்; சூரியோதயம் பாருங்கள். இறங்கும்போது மட்டும் ஒரு மூங்கிலில் போர்வை கட்டி, ஒரு மனித எடைக்குக் கல்லை வைத்து, நாலு நண்பர்களாகத் தோள் கொடுத்துத் தார் ரோடு வரையில் தூக்கி வாருங்கள். ராத்திரியில், மழையில் தூக்கினால் இன்னும் விசேஷம். அதன் பிறகும் ரோடு வேண்டாம் என்று தோன்றினால் என்னிடம் சொல்ல வேண்டாம். அந்தப் புளிய மரத்தடியில் கவுண்டர் இருப்பார், அவரிடம் சொல்லுங்கள்.