விடையோடு காரணமும் வேண்டும்

2025 ஜூலை 12, சனிக்கிழமை. மேட்டூர் அணை திறந்து சரியாக ஒரு மாதம். டெல்டாவில் குறுவை நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்த அந்த நாளில், தமிழ்நாடு முழுக்க 11 லட்சத்துக்கும் அதிகமானோர் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு எழுதினார்கள். அறிவிக்கையில் இருந்த இடங்கள் 3,935. அடுத்த சில நாட்கள் தஞ்சாவூரில் டீக்கடை, நூலக வாசல், டவுன் பஸ் என்று எங்கே நின்றாலும் இலக்கணம்தான் காதில் விழுந்தது. “அந்தப் பிரித்தெழுதுகவுக்கு நீ எதை ஷேட் பண்ணுன?” என்று ஒருவர் கேட்க, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பிள்ளை பதில் சொல்லும். தமிழ்ப் பகுதி பாடத்திட்டத்தைத் தாண்டிப் போய்விட்டது என்ற குறையும், மறுதேர்வு வேண்டும் என்ற கோரிக்கையும் அப்போது எழுந்தன. அதற்குள் நான் போகவில்லை. தேர்வு முடிந்தபின் நடக்கும் இந்த இலக்கண வழக்காடலைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

எழுதாதவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் சரிபாதி, 100 கேள்வி, தமிழ். தமிழில் 40 சதவீதம், அதாவது 150க்கு 60 எடுத்தால்தான் ஆட்டத்தில் இருக்கலாம். புதிய பாடத்திட்டத்தில் இலக்கணத்துக்கு மட்டும் 25 கேள்வி. ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். ஓ.எம்.ஆர். தாளில் ஏ முதல் ஈ வரை ஐந்து வட்டங்கள். ஐந்தாவது வட்டத்துக்குப் பொருள் ‘விடை தெரியவில்லை’. எதையும் நிரப்பாமல் விடக்கூடாது. கடைசியில் ஒவ்வொரு வட்டத்திலும் எத்தனை நிரப்பினோம் என்று எண்ணி எழுத வேண்டும். தெரியாதவருக்கு இப்படி ஒரு வட்டம் உண்டு. இரண்டு விடையும் சரி என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் வட்டம் இல்லை.

கோயிலா, கோவிலா? பெரிய கோயில் இருக்கிற ஊரில் இந்தக் கேள்வி சும்மா விடுமா? போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நூலக வாசலில் இதைப் பற்றி மல்லுக்கட்டுவதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். ஒரத்தநாட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தி நன்னூலைப் பிடித்துக்கொண்டாள். இ, ஈ, ஐ ஈற்றுக்குத்தான் யகர உடம்படுமெய்; ஓகாரத்துக்கு வகரம்; ஆகவே கோ, இல் சேர்ந்தால் கோவில்தான். எதிரே நின்ற தம்பி விடவில்லை. “அக்கா, அறநிலையத் துறை போர்டுல எல்லா ஊர்லயும் திருக்கோயில்னுதானே இருக்கு. கவர்ன்மெண்டே தப்பா எழுதுமா?” அவளும் அசரவில்லை. “போர்டுக்கு மார்க் கிடையாது தம்பி. கீயில என்ன வருதுன்னு பாரு.”

இருவர் சொன்னதும் உண்மை. விதிப்படி கோவில், வழக்கில், அதுவும் பழைய இலக்கியம் தொட்டு இன்றுவரை உள்ள வழக்கில், கோயில். தமிழ் இலக்கணம் வழக்கை ஒதுக்கிவிட்டு எழுதப்பட்டதில்லை. உலக வழக்கு, செய்யுள் வழக்கு இரண்டையும் பார்த்துத்தான் விதி பிறந்தது. அப்படியிருக்க, இரண்டில் ஒன்றை மட்டும் சரி என்று சொல்லச்சொன்னால், விதி கேட்கிறார்களா வழக்கு கேட்கிறார்களா என்று வினாவிலேயே தெரிய வேண்டாமா?

பெயர் தேய்ந்து வழங்கும் மரூஉ இன்னும் சுவாரசியம். ஊர்ப்பெயர்களின் மரூஉவுக்குப் பாடத்திட்டத்தில் எடுத்துக்காட்டே நம் ஊர்தான்: தஞ்சாவூர், தஞ்சை. சரி. மன்னார்குடி மன்னை, நாகப்பட்டினம் நாகை, அதுவும் சரி. கும்பகோணத்துக்கு வழிகாட்டி நூல்கள் குடந்தை என்று போடுகின்றன. கும்பகோணம் என்ற சொல் எப்படித் தேய்ந்தால் குடந்தை ஆகும்? தேவாரத்தில் அந்த ஊர் குடமூக்கு. ஆழ்வார்கள் பாடியது திருக்குடந்தை. கும்பகோணம் என்ற வடமொழிப் பெயர் வருவதற்கு முன்பே குடந்தை இருந்தது. இருக்கும் பெயரின் முன்னோடியை அதன் சிதைவு என்று சொல்வது தலைகீழ். இதைத் தெரிந்துகொண்ட பிள்ளை தேர்வு அறையில் தயங்குகிறது. பட்டியலை மனப்பாடம் செய்த பிள்ளை தயங்காமல் நிரப்பிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறது.

‘அது சரி அல்ல’ என்ற தொடரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருமைக்கு அன்று, பன்மைக்கு அல்ல என்பது விதி. இன்றைக்குத் தமிழ்ச் செய்தித்தாளைத் திறந்தால் எல்லாவற்றுக்கும் அல்லதான். விதியைக் கேட்பது தவறில்லை, கேட்கத்தான் வேண்டும். ஆனால் பிள்ளை படித்த நூலில் அந்த விதி இருந்ததா என்பதையும் பார்க்க வேண்டும்.

இந்தப் பகுதியில் இலக்கணச் சண்டை புதிதில்லை. 17ஆம் நூற்றாண்டில் திருவாரூர் வைத்தியநாத தேசிகர் இலக்கண விளக்கம் எழுதினார். அதை மறுத்து, 18ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறைச் சிவஞான முனிவர் எழுதிய நூலின் பெயரே இலக்கண விளக்கச் சூறாவளி. நன்னூலுக்குச் சங்கரநமச்சிவாயர் எழுதிய உரையையும் அவர் திருத்தினார். கடுமையான மறுப்புதான். ஆனால் எந்த இடத்தில் என்ன குற்றம், ஏன் குற்றம் என்று எடுத்துச்சொல்லி மறுத்தார். அதனால் 200 ஆண்டு கழித்தும் நாம் இரண்டு பக்கத்தையும் படித்து நம் முடிவுக்கு வர முடிகிறது.

தேர்வாணையத்தின் விடைக்குறிப்பில் இல்லாதது அதுதான். தேர்வு முடிந்து சில நாளில் உத்தேச விடை வெளியாகும். ஏழு நாளுக்குள் இணையத்தில் ஆட்சேபணை தெரிவிக்கலாம். வல்லுநர் குழு பார்த்து இறுதி விடையை முடிவுசெய்யும். இந்த ஏற்பாடு நல்லது. இதை யாரும் குறைசொல்லக் கூடாது. ஆனால் இறுதி விடை வெளியாவது மொத்த ஆள்தேர்வும் முடிந்த பிறகு. வெளியாகும்போதும் எழுத்து மட்டும்தான் இருக்கும்: ஏ, பி, சி. நம் ஆட்சேபணையை ஏற்றார்களா, தள்ளினார்களா, தள்ளினால் எந்த நூற்பாவைக் கொண்டு தள்ளினார்கள் என்று அதிலிருந்து தெரிந்துகொள்ள வழியில்லை.

நீதிமன்றத்துக்குப் போகலாமே என்பார்கள். 2017 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வில் வந்தே மாதரம் முதலில் எந்த மொழியில் எழுதப்பட்டது என்று கேள்வி. மனுதாரர் வங்கமொழி என்று எழுதினார். விடைக்குறிப்பு சமஸ்கிருதம் என்றது. 90 வேண்டிய இடத்தில் அவர் பெற்றது 89. நீதிமன்றம் அந்த ஒரு மதிப்பெண்ணை வழங்கச் சொன்னது. பாடலைப் பள்ளிகளில் பாட வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னதால் நாடெல்லாம் அதையே பேசியது. ஒரு மதிப்பெண்ணுக்காக ஒருவர் நீதிமன்றப் படியேறிய கதை பின்னால் போய்விட்டது. அங்கே இருந்தது வரலாற்றுக் கேள்வி, ஆதாரம் காட்ட முடிந்தது. இலக்கணத்தில் அது கடினம். விடைக்குறிப்பு தவறு என்பது நீண்ட வாதத்தால் நிறுவவேண்டியதாக இல்லாமல் பார்த்தவுடன் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று 1983இல் கான்பூர் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஐயம் இருந்தால் அதன் பலன் தேர்வு நடத்துபவருக்கே என்பது பின்னால் வந்த தீர்ப்பு. கோயிலும் கோவிலும் நீண்ட வாதம் இல்லாமல் தீருமா? ஆக, அந்தக் கதவு இலக்கணக் கேள்விக்கு ஏறக்குறைய மூடியே இருக்கிறது.

ஒன்றரை மதிப்பெண்ணுக்கு இவ்வளவா என்று கேட்பவர்கள் டெல்டாவில் ஒரு வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கு அறுவடை நேரத்தில் போய்ப் பார்க்கட்டும். கொள்முதல் நிலையத்தில் நெல் போடவும், பயிர்க் காப்பீட்டுக்கும், வெள்ள நிவாரணத்துக்கும் அடங்கல் வேண்டும். அதை எழுதிக் கையெழுத்துப் போடும் வேலை குரூப் 4 வழியாகத்தான் வருகிறது. அந்த நாற்காலிக்கு வெளியே அடங்கல் கேட்டு நின்ற அப்பாக்களின் பிள்ளைகள்தான் இங்கே நூலகத்தில் உட்கார்ந்து பகுபத உறுப்பிலக்கணம் படிக்கிறார்கள். லட்சக்கணக்கானோரைத் தரவரிசைப்படுத்தும் தேர்வில் ஒரே மதிப்பெண்ணில் பெருங்கூட்டம் நிற்கும். ஒன்றரை கூடினால் கலந்தாய்வுக்குள், குறைந்தால் அடுத்த அறிவிக்கைவரை காத்திருப்பு.

தேர்வாணையத்திடம் நான் கேட்பது பெரிதில்லை. ஆட்சேபணை வந்த தமிழ்க் கேள்விகளுக்கு மட்டுமாவது, எந்த நூல், எந்த விதி, எந்தப் பாடப்புத்தகப் பக்கம் என்று இரண்டு வரியில் காரணம் எழுதி, தரவரிசை வருவதற்கு முன்பே வெளியிடுங்கள். விதியும் வழக்கும் பிரியும் இடத்தில் இரண்டு விடைக்கும் மதிப்பெண் கொடுங்கள். தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981 முதல் தஞ்சாவூரில் இருக்கிறது; 1911இல் தொடங்கிய கரந்தைத் தமிழ்ச் சங்கமும் இருக்கிறது. காரணம் எழுதித்தர ஆள் இல்லை என்று சொல்ல முடியாது.

தேர்வு எழுதும் தம்பி தங்கைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். டீக்கடையில் ஜெயித்த வாதம் ஆணையத்தின் காதுக்கு எட்டாது. உத்தேச விடை வந்ததும் ஏழு நாளுக்குள் ஆட்சேபணையைப் பதிவு செய்யுங்கள். வழிகாட்டி நூலை நம்பி நிற்காமல் பாடநூலிலிருந்தோ நன்னூல் உரையிலிருந்தோ பக்கத்தைக் காட்டி எழுதுங்கள்.