பெட்ஷீட் ஆலை போன ஊரில் ஒரு கரூர்க்காரன்

2025 செப்டம்பர் 4-ம் தேதி ஜார்ஜியா மாகாணத்தின் எல்லபெல் என்ற சின்ன ஊரில், ஹூண்டாய் – எல்ஜி பேட்டரி ஆலை கட்டிக்கொண்டிருந்த இடத்துக்குள் குடியேற்றத் துறை அதிகாரிகள் புகுந்து 475 பேரைப் பிடித்துப் போனார்கள். அதில் 300-க்கும் மேற்பட்டவர்கள் தென்கொரியர்கள். இடுப்பிலும் காலிலும் சங்கிலி போட்டு பஸ்ஸில் ஏற்றிய வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அங்கிருந்து நாலு மணி நேரத் தூரத்தில், ஜார்ஜியா – அலபாமா எல்லையில் நான் வேலை பார்க்கிறேன். கார் உதிரிபாகம் செய்யும் ஆலை. உற்பத்தி வரிசையின் மென்பொருளைக் கவனிப்பது என் பொறுப்பு. மறுநாள் காலை ஷிப்டில் கொரிய சக ஊழியர் ஒருவர் பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். எதுவும் பேசவில்லை. எனக்கும் எச்1பி விசா அனுமதிக் கடிதத்தை போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளத் தோன்றியது. வைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் ஒரு தட்டு இருந்தது. பக்கத்து வீட்டு அம்மா செய்த பீச் கோப்ளர். அதே அம்மா அந்த ரெய்டைப் பாராட்டி ஃபேஸ்புக்கில் பகிர்ந்திருந்ததை என் மனைவி காட்டினாள். இரண்டுமே நடந்தது ஒரே நாளில்.

அமெரிக்கத் தெற்கின் சின்ன ஊரில் வாழ்வது எப்படி இருக்கும் என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் இந்த நாள்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

ஆல்ஃபரெட்டா அல்ல இது

அமெரிக்காவில் இருக்கும் நம்ம ஆட்களில் பெரும்பாலானோருக்குத் தெரிந்த தெற்கு என்பது அட்லாண்டாவின் வடக்குப் புறநகர், டல்லாஸின் ஃபிரிஸ்கோ, வட கரோலினாவின் கேரி. அங்கே தமிழ்ப் பள்ளி உண்டு, பொங்கல் விழா உண்டு, முருங்கைக்கீரை கிடைக்கும். எங்கள் ஊரில் ஒரு சிக்னல், ஒரு மளிகைக் கடை, இரண்டு டாலர் ஜெனரல், எண்ணி முடியாத சர்ச்சுகள். பெயருக்கு அடுத்து உங்களிடம் கேட்கும் கேள்வி, 'எந்த சர்ச்சுக்குப் போறீங்க?' முதலில் எனக்குச் சுருக்கென்றது. பிறகு புரிந்தது. நம்மூரில் 'தம்பி எந்த ஊரு, யார் வீட்டுப் பிள்ளை?' என்று கேட்பது மாதிரிதான் இது. விசாரிப்பும் அதில் இருக்கிறது, அளந்து பார்ப்பதும் இருக்கிறது.

பழகிப்போன விஷயங்களும் நிறைய. சாலையோரம் அவித்த கடலை விற்பார்கள், உப்புப் போட்டு, நம்மூர் மாதிரியே. வெண்டைக்காய் எல்லாக் கடையிலும் கிடைக்கும். பெரியவர்களிடம் 'சார்', 'மேம்' சேர்க்காமல் பேசினால் பிள்ளைகளுக்குத் திட்டு விழும். எதிரே வரும் பிக்கப் வண்டிக்காரர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார். வெள்ளிக்கிழமை ராத்திரி உயர்நிலைப் பள்ளி ஃபுட்பால் ஆட்டம் என்றால் ஊரே மைதானத்தில்தான்.

ஆனால் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் வெள்ளையர் வீடுகள், அந்தப் பக்கம் கறுப்பர் வீடுகள். சுடுகாடுகூட இரண்டு. பள்ளியில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954-லேயே சொல்லிவிட்டது. அது உண்மையில் அமலான 1960-களின் கடைசியிலும் 1970-களின் தொடக்கத்திலும், தெற்கு முழுக்க வெள்ளைக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்கென்று தனியார் பள்ளிகளைத் தொடங்கிக்கொண்டன. அவற்றில் பல இன்னும் நடக்கின்றன. இதைப் பார்த்து 'என்ன நாடுடா இது' என்று சொல்ல நான் வாயெடுத்தேன். ஊர் தனி, காலனி தனி, சுடுகாடும் தனி என்றிருக்கும் இடத்திலிருந்து வந்தவன் நான் என்பது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

ஆலை போனது, ஆலை வந்தது

இந்த ஆற்றோர ஊர்களின் கதை துணி ஆலையில் தொடங்குகிறது. சாட்டஹூச்சி ஆற்றங்கரையில் ஆலையைச் சுற்றியே ஊர்கள் எழுந்தன. அலபாமாவின் 'வேலி' என்ற ஊரே நாலு ஆலைக் குடியிருப்புகளைச் சேர்த்து 1980-ல் உருவானதுதான். அலபாமாவின் கடிகாரம் ஜார்ஜியாவுக்கு ஒரு மணி நேரம் பின்னால். ஆனால் வேலியும் லானெட்டும் அதிகாரபூர்வமாக இல்லாமலே ஜார்ஜியா நேரத்தைத்தான் வைத்துக்கொள்கின்றன. அந்த அளவுக்கு வேலையும் பிழைப்பும் அந்தக் கரையோடு பிணைந்தவை.

இங்கே நெய்தது முக்கியமாக பெட்ஷீட்டும் துண்டும். 1994-ல் நாஃப்டா ஒப்பந்தம் வந்தது, 2001-ல் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது, 2005-ல் ஜவுளி இறக்குமதிக்கு இருந்த கோட்டா முறையும் முடிந்தது. வெஸ்ட்பாயின்ட் ஸ்டீவன்ஸ் 2003-லேயே திவால் மனு போட்டுவிட்டது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின.

2006-ல் கியா நிறுவனம் பக்கத்து வெஸ்ட் பாயின்ட் ஊரைத் தேர்ந்தெடுத்தது. அங்கே மக்கள்தொகை நாலாயிரத்துக்கும் குறைவு. கியாவைத் தங்கள் ஊருக்குக் கொண்டுவந்ததற்காக ஏசுவுக்கு நன்றி சொல்லி வீட்டு முன்னால் பலகை நட்டார்கள். 2009-ல் கார் உற்பத்தி தொடங்கியது. உதிரிபாகக் கம்பெனிகள் பின்னாலேயே வந்தன. கொரிய உணவகமும் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஹூண்டாய் வந்தபோது நடந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

என் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு 74 வயது. என்னை 'சன்' என்றுதான் கூப்பிடுவார், நம்மூர் 'தம்பி' மாதிரி. 31 வருஷம் பெட்ஷீட் ஆலையில் தறி மெக்கானிக். ஆகஸ்ட் 27-ல் இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி அமலுக்கு வந்தபோது வேலியோரம் நின்று, 'இனி ஆலையெல்லாம் திரும்பி வரும் சன், பாரு' என்றார்.

நான் கரூர்க்காரன். எங்கள் சித்தப்பா அங்கே படுக்கை விரிப்பும் மேசை விரிப்பும் நெய்து ஏற்றுமதிக்காரர்களுக்குக் கொடுக்கிறவர். அதே வாரம் அவர் போனில், 'ஆர்டரை நிறுத்தி வைக்கச் சொல்லிட்டாங்கப்பா. பத்து பேருக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல' என்றார்.

இதைப் பெரியவரிடம் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். 'எங்க தறி உங்க ஊருக்கா போச்சு?' என்று கேட்டார். எல்லாம் எங்கள் ஊருக்கு வரவில்லை, பாகிஸ்தான், சீனா என்று பல இடத்துக்குப் போனது என்றேன். 'அவருக்கு என்ன வயசு?' என்றார். 58 என்றேன். 'எனக்கு ஆலை மூடினப்போ அவ்வளவு ஆகலை' என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கோபமா, இரக்கமா எனக்குத் தெரியவில்லை. வரி பற்றிய அவர் கருத்து மாறவில்லை. என்னுடன் பேசுவதும் நிற்கவில்லை.

எனக்குத் தெரிந்தவரை அந்த ஆலைகள் திரும்பி வராது. பழைய கட்டடங்களில் பலவற்றை இடித்துச் செங்கல்லையும் மரத்தையும் விற்றாகிவிட்டது. தறி தெரிந்தவர்களுக்கு எழுபது வயதாகிவிட்டது. இந்தியாவின் ஆர்டர் வரி குறைவான வேறொரு நாட்டுக்குப் போகுமே தவிர அலபாமாவுக்கு வராது. ஒரு ஊரின் துக்கம் உண்மை. ஆனால் அதற்கு எழுதிக் கொடுத்த மருந்து தப்பு.

ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?

தினசரி வாழ்க்கையில் என்னை பயமுறுத்துவது துப்பாக்கியும் இல்லை, இனவெறியும் இல்லை. ஆஸ்பத்திரிதான். என் மனைவி இப்போது ஏழாம் மாதம். பிரசவம் பார்க்கும் ஆஸ்பத்திரி 40 மைல். ராத்திரியில் மான் குறுக்கே ஓடும் இருவழிச் சாலை.

இது எங்கள் கதை மட்டுமல்ல. அமெரிக்க கவுண்டிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிரசவ ஆஸ்பத்திரியோ மகப்பேறு மருத்துவரோ இல்லை. 2010 முதல் நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட கிராமப்புற ஆஸ்பத்திரிகள் மூடிவிட்டன. ஒபாமா காலச் சட்டப்படி ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டை விரிவாக்குவது மாகாணத்தின் விருப்பம் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்றுவரை விரிவாக்காத மாகாணங்கள் பத்து. அதில் அலபாமா, மிசிசிப்பி, ஜார்ஜியா, தென் கரோலினா, டென்னசி, ஃபுளோரிடா, டெக்சாஸ் என ஏழு தெற்கில்தான். காப்பீடு இல்லாத நோயாளிக்கு ஆஸ்பத்திரி இலவசமாகப் பார்க்கும், நஷ்டப்படும், கடைசியில் முதலில் மூடுவது பிரசவ வார்டை.

மிச்சமிருக்கும் ஆஸ்பத்திரிகளைத் தாங்குவதில் வெளிநாட்டு டாக்டர்களுக்குப் பெரிய பங்குண்டு. ஜே1 விசாவில் பயிற்சி முடித்தவர்கள் சொந்த நாட்டுக்குத் திரும்பாமல், டாக்டர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று வருஷம் வேலை பார்க்கலாம் என்ற 'கான்ராட் 30' திட்டத்தில் மாகாணத்துக்கு வருஷம் 30 இடம். தெற்கின் சின்ன ஊர்களில் நம்மூர் டாக்டர்கள் இருப்பதற்கு இதுவும் காரணம். இதே செப்டம்பரில் புதிய எச்1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. நகரத்துப் பெரிய நிறுவனம் அதைக் கட்டும். நஷ்டத்தில் ஓடும் கிராமத்து ஆஸ்பத்திரி எங்கே போகும்?

தெரிந்தவருக்கு ஒரு நியாயம்

2011-ல் அலபாமா கடுமையான குடியேற்றச் சட்டம் ஒன்றைப் போட்டது. சில மாதத்திலேயே டஸ்கலூசாவில் போலீஸ் பிடித்தது ஒரு ஜெர்மன்காரரை. அவர் மெர்சிடஸ் நிறுவனத்தின் மேலாளர், அந்த ஆலையோ மாகாணமே அழைத்து வந்தது. பிறகு அந்தச் சட்டத்தின் பல பகுதிகள் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 14 வருஷம் கழித்து எல்லபெல்லில் அதே முரண்பாட்டைப் பெரிய அளவில் பார்த்தோம். முதலீடு வேண்டும், அதைக் கொண்டுவரும் ஆள் வேண்டாம்.

பக்கத்து வீட்டு அம்மா நடிக்கவில்லை. கோப்ளரும் உண்மை, ஃபேஸ்புக் பதிவும் உண்மை. அவருக்கு நான் 'வெளிநாட்டுக்காரன்' இல்லை, தெரிந்த பையன். சங்கிலியில் போனவர்கள் தெரியாதவர்கள். தெரிந்தவருக்கு உயிரையும் கொடுப்பார்கள், தெரியாதவருக்கு ஓட்டில்கூட இடம் கிடையாது. சிக்கல் என்னவென்றால், சட்டம் எழுதப்படுவது தெரியாதவர்களுக்காக. அது ஒருநாள் தெரிந்தவன் மேலும் விழும்.

'அட்லாண்டாவுக்கு வந்துடு' என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எச்1பி ஒரு நிறுவனத்தோடு கட்டிய கயிறு. மாற வேண்டுமென்றால் இன்னொரு நிறுவனம் எனக்காகப் புதிதாக மனுப் போட வேண்டும். இந்தியர்களுக்குக் கிரீன் கார்டு வரிசை பத்து வருஷத்துக்கும் மேல் நீள்கிறது. இப்போதைக்கு நாங்கள் எடுத்த முடிவு ஒன்றுதான்: ஒன்பதாம் மாதம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு மோட்டலில் அறை எடுத்துக்கொள்வது. நடத்துபவர் குஜராத்திக்காரர், மாத வாடகைக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இந்தப் பக்கம் வேலை கிடைத்து 'போகலாமா' என்று யோசிப்பவர்களுக்கு: சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன் பிரசவ ஆஸ்பத்திரி எத்தனை மைல் என்று பாருங்கள். குடியேற்றக் காகிதங்களின் நகலைக் கையில் வையுங்கள். வந்தால் தனியாக ஒதுங்காதீர்கள். வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்குப் போங்கள், ரயில் பாதையின் இரண்டு பக்கமும் பழகுங்கள். அது உங்கள் விசாவைக் காப்பாற்றாது.

பெரியவர் நேற்று வந்து தன் போன் நம்பரை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். 'ராத்திரி எந்த நேரமானாலும் கூப்பிடு சன், மான் வர்ற இடமெல்லாம் எனக்குத் தெரியும்' என்றார். அந்தக் காகிதம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில், விசா நகலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.