ஏரிக்கு எந்தப் பெயர் வைத்தால் வெள்ளம் வடியும்?

புறம்போக்கு என்பது இன்று வசவு. அது ஒரு நில வகை என்பதே பலருக்கு மறந்துவிட்டது. வரி விதிக்கப்படாத நிலத்துக்கு வருவாய்க் கணக்கில் இருந்த பெயர் அது. ஏரியும் ஓடையும் அதற்குள் அடக்கம். ‘வருமானம் இல்லை’ என்று எழுதியதை நாளடைவில் ‘உபயோகம் இல்லை’ என்று படித்தோம். பள்ளிக்கரணைக் கழுவெளியில் சென்னையின் குப்பையைக் கொட்ட வைத்தது இந்த வாசிப்புதான்.

சரி, அது வெள்ளைக்காரன் கணக்கு. நம் கணக்கு? 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகளைப் பாருங்கள். இயற்கையோ செயற்கையோ, நிரந்தரமோ தற்காலிகமோ எல்லாம் ஈரநிலம் என்று தாராளமாகத் தொடங்குகிறது. அடுத்த மூச்சிலேயே நெல்வயல் சேராது, குடிநீருக்கு வெட்டிய குளம் சேராது, பாசனத்துக்குக் கட்டியது சேராது என்று கதவைச் சாத்துகிறது. தமிழ்நாட்டில் பாசனத்துக்குக் கட்டாத ஏரி எத்தனை சார் இருக்கு?

வேளச்சேரி ஏரியையே எடுத்துக்கொள்வோம். அதன் ஆயக்கட்டு இன்று தெருக்களாக இருக்கிறது. பாசனத்துக்குக் கட்டியது, அதனால் ஈரநிலம் இல்லை. பாய வயல் இல்லை, அதனால் பாசனத்துக்கும் உதவாது. ஐப்பசி மழைக்கு இந்த விளக்கமெல்லாம் தெரியாது. ஏரி நிரம்பினால் உபரிநீர் பள்ளிக்கரணைக்குப் போகும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம், கடல். இதில் ஒரு இடம் அடைபட்டாலும் தண்ணீர் நம் வீட்டுக்குள் வழி தேடும்.

வேடந்தாங்கலும் பாசன ஏரிதான். 2022இல் ராம்சார் பட்டியலில் ஏறியது. அதே ஆண்டு பள்ளிக்கரணையின் 1,247 ஹெக்டேரும் ஏறியது. பறவை வந்ததால் ஏரிக்கு மரியாதை வந்தது, சந்தோஷம். பறவை வராத ஏரி என்ன பாவம் செய்தது? 2015 டிசம்பரில் மொட்டைமாடியில் நின்ற மனுஷங்களை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

ஏரிகளைக் காக்க 2007லேயே மாநிலச் சட்டம் வந்துவிட்டதே என்பார்கள். ஆக்கிரமிப்பை அகற்றும் சட்டம் அது. எல்லை எங்கே என்று கேட்கும். கொள்ளளவு என்ன ஆனது என்று கேட்காது.

சாஃப்ட்வேர்க்காரர்களுக்கு இது புரியும். டேபிளின் அமைப்பே தப்பாக இருந்தால் எத்தனை லட்சம் பதிவுகள் ஏற்றினாலும் சரியான பதில் வராது. யாருடையது, எதற்குக் கட்டியது என்று மட்டும் கேட்கிறோம். எவ்வளவு தண்ணீரைப் பிடிக்கும், எங்கிருந்து வருகிறது, நிரம்பினால் எங்கே போகும் என்பதல்லவா கேள்வி? சித்திரையில் காய்ந்து கிடக்கும் ஏரி நம் கண்ணுக்குக் காலி மனை. கார்த்திகை வெள்ளத்துக்கு இருக்கும் ஒரே இடம் அந்தக் காலிதான்.

எனவே வெள்ளத் தேக்கம் என்று ஒரு வகை வேண்டும். ஏரி மட்டுமல்ல, வரத்துக்காலும் போக்குக்காலும் அதில் வரவேண்டும். அங்கே ஒரு லோடு மண் கொட்டக் கேட்டால், இவ்வளவு கொள்ளளவு குறைகிறது, அந்தத் தண்ணீர் இன்ன தெருவுக்குப் போகும் என்று எழுதி, அனுமதி கொடுப்பவர் பெயரோடு கையெழுத்துப் போடட்டும்.