டிரெய்லருக்கு ரிவர்ஸ் விளக்கு

களப்பணிக்குச் செல்லும் ஜீப்பின் பின்னே தங்குமிட டிரெய்லர் பூட்டப்பட்டவுடன், ஜீப்பின் ரிவர்ஸ் விளக்கொளி டிரெய்லரின் முன்சுவரிலேயே விழுந்து விடுகிறது. அப்பால் பள்ளம் இருப்பினும், மனிதர் உறங்கினும் ஓட்டுநர் அறியார். ஆகவே டிரெய்லரின் பின்புறத்தில் தனி விளக்குகள் பொருத்துவது ஆடம்பரமன்று.

பொருத்தும் முறையில்தான் கவனம் வேண்டும். 12 வோல்ட்டில் எரியும் 21 வாட் பல்பு ஒன்று 1.75 ஆம்பியர் கொள்ளும், இரண்டுக்கு 3.5. இதனை ஜீப்பின் விளக்குக் கம்பியிலிருந்தே எடுப்பின் அதன் பியூஸும் ஸ்விட்சும் தாங்குமா என்பது ஐயமே. அக்கம்பி ஒரு ரிலேயை இயக்கினால் போதும். விளக்குகளுக்கான மின்சாரம் தனிப் பியூஸ் வழியே பாட்டரியிலிருந்து வரட்டும்.

மின்னோட்டம் திரும்பும் வழியையோ பலர் மறந்து விடுகின்றனர். இணைப்புக் கொக்கியே போதும் என்று விடுவது, துருவும் கிரீஸும் படிந்த இரும்பை நம்புவதாகும். மின்னழுத்தம் நூற்றுக்குப் பத்துக் குறைந்தால் இழைப் பல்பின் ஒளி ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது குறையும். (ஓம் விதி கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு அரிது.) ஐ.எஸ்.ஓ. 1724 தரத்து 7 முனைப் பிளக்கில் ரிவர்ஸ் விளக்குக்கென முனை இல்லையாதலால், எவ்வாறும் புதுக் கம்பி இழுக்கவே நேரும். அதனுடன் எர்த் கம்பி ஒன்றையும் சேர்த்து இழுத்து விடலாம்.