முதுகுத் தேமல் யார் கண்ணில் படும்?

பொதட்டூர்பேட்டை நெசவாளர் ஊர். காலையிலிருந்து விசைத்தறியோடு மல்லுக்கட்டியவனுக்குப் பொழுது சாய்ந்தால் தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி இருக்கும். சலூனில் சவரம் முடிந்ததும், "அண்ணே, அப்படியே கழுத்தையும் முதுகையும் கொஞ்சம் புடிச்சு விடுங்க" என்பான். சட்டை கழலும். எண்ணெய்க் கிண்ணம் வரும். கால் மணி நேரத்தில் ஆள் புதுசாகி எழுந்து போவான்.

அந்தக் கால் மணி நேரத்தில் அவன் முதுகை ஒருவர் பார்க்கிறார். அவனே பார்த்திராத முதுகு! கழுத்தோரம் வட்டமாக ஒரு சிவப்பு. இடுப்பில் சொறிந்த தடம். தோளுக்குக் கீழே வெளிறிப்போன ஒரு தேமல். இதில் எது தொற்றும், எது தொற்றாது, எதைப் பார்த்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்? தேய்த்து விடுகிறவருக்குத் தெரியாது. அது அவர் குற்றமும் இல்லை. அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இத்தனைக்கும் தமிழ்நாட்டில் முடி திருத்தும் சமூகத்துக்கு மருத்துவர் என்றே பெயர். அந்தக் காலத்தில் கட்டியைக் கீறியதும் புண்ணுக்கு மருந்து போட்டதும் அவர்கள்தான். பிரசவம் பார்த்த அந்த வீட்டுப் பெண்ணை ஊர் மருத்துவச்சி என்று கூப்பிட்டது. இன்றைக்குப் பெயர் மட்டும்தான் மிச்சம்.

பிளேடு மாறியது, துண்டு மாறவில்லை!

1986-ல் சென்னையில் எய்ட்ஸ் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியாவிலேயே அதுதான் முதல். ஜனங்கள் நடுங்கிப் போனார்கள். அதற்கு முன்பு ஒரே கத்தியைத் தோல் பட்டையில் தீட்டித் தீட்டிப் பத்துப் பேருக்குச் சவரம் செய்தார்கள். இன்றைக்குச் சின்ன கிராமத்து சலூனில் கூட ஆளுக்கொரு புது பிளேடு. வாடிக்கைக்காரர் கண் முன்னால் உறையைப் பிரித்துக் காட்டுகிறார்கள். போலீசை அனுப்பி வந்த மாற்றம் இல்லை இது. விஷயம் போய்ச் சேர்ந்தது, தொழில் செய்கிறவர்கள் மாற்றிக் கொண்டார்கள்.

ஆனால் துண்டு? ஒருவர் கழுத்தைத் துடைத்த துண்டு ஒரு உதறு உதறப்பட்டு அடுத்தவர் தோளில் ஏறுகிறது. படர்தாமரைக்கு இதை விட நல்ல வாகனம் கிடையாது. அது ஒரு பூஞ்சைக் கிருமி. ஓரம் சிவந்து தடித்து, நடுவில் தெளிந்து, மோதிரம் மாதிரி வட்டமாகப் படரும். வியர்வை தங்குகிற இடுப்பு, தொடை இடுக்கு, அக்குள் எல்லாம் அதற்குப் பிடித்த இடம். கிருமி துணியில் பல நாள் தங்கும். வெந்நீரில் சோப்பு போட்டு அலசி, நல்ல வெயிலில் காயப் போட வேண்டும். உதறினால் போகாது.

"படர்தாமரைதானே, இதுக்குப் போயா?" என்று சிரிப்பவர்கள் ஒன்றைத் தெரிந்து கொள்ள வேண்டும். முன்பு சில வாரம் மாத்திரை போட்டால் அடங்கிய நோய், பத்துப் பதினைந்து வருஷமாக இந்தியா முழுக்க அடங்காமல் திரும்பத் திரும்ப வருகிறது. வழக்கமாகக் கொடுக்கும் டெர்பினாபின் மாத்திரைக்கே பல பேருக்கு மசியவில்லை. இந்தப் புது ரகத்துக்கு 2020-ல் ஜப்பான் ஆய்வாளர்கள் ஒரு பெயர் வைத்தார்கள்: டிரைக்கோபைட்டன் இண்டோடினியே. பெயரிலேயே இந்தியா! 2023-ல் அது நியூயார்க்கில் இரண்டு பெண்களிடம் காணப்பட்டதாக அமெரிக்க சுகாதாரத் துறை அறிவித்தது. அங்கே அது செய்தி. இங்கே தினசரி வாழ்க்கை.

இதை வளர்த்து விட்டதில் மெடிக்கல் ஷாப் களிம்புக்குப் பெரிய பங்கு உண்டு. அரிக்கிறது என்றால், "அந்த மூணு மருந்து கலந்த டியூப் குடுப்பா" என்று கேட்டு வாங்குகிறார்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. இரண்டே நாளில் அரிப்பு நிற்கும், சிவப்பு மங்கும். நோய் போய்விட்டது என்று நினைப்பார்கள். போகவில்லை, மேலே மூடி போட்டு விட்டு உள்ளே கிருமி தாராளமாகப் பரவுகிறது. தோல் மெலிந்து கோடு கோடாக வெடிப்பதும் இதனால்தான். இப்படிப்பட்ட 14 வகைக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு உத்தரவு போட்டது. உத்தரவு இருக்கிறது. டியூபும் கிடைக்கிறது. சலூன்காரரும் நல்லெண்ணத்தில், "இதைப் போடுங்க தம்பி, எனக்குக் கேட்டுச்சு" என்று கை காட்டி விடுகிறார். அந்த யோசனையை மட்டும் அவர் சொல்லக் கூடாது.

சொறி சிரங்கு இன்னொரு ரகம். விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புள், இடுப்பு ஆகிய இடங்களில் சின்னச் சின்னக் கொப்புளம். ராத்திரி படுத்தால் அரிப்பு உயிரை எடுக்கும். தோலைக் குடைந்து போகும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிதான் காரணம். முதல் தடவை தொற்றியவருக்கு அரிப்பு தெரியவே நாலு, ஆறு வாரம் ஆகலாம். அதற்குள் அவர் இன்னும் பத்துப் பேருக்குக் கொடுத்திருப்பார். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரே அறையில் வரிசையாகப் படுத்து எழும் வெளியூர்த் தொழிலாளிகளுக்கு இது வந்தால் ஒருவருக்கு மட்டும் மருந்து போட்டுப் பிரயோசனம் இல்லை. கூட இருக்கிற அத்தனை பேரும் ஒரே நாளில் போட வேண்டும். பச்சைக் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் ஆயாவும் இதைத் தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டும். பெரியவர்களைப் போல் இல்லாமல் குழந்தைக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலையில் கூட வரும். அந்த ஆயா ஒரே நாளில் நாலு வீட்டுக்குப் போகிறவர்!

எண்ணெய்க் கிண்ணத்தையும் கவனிக்க வேண்டும். புண்ணைத் தொட்ட கையைத் திரும்பக் கிண்ணத்தில் விட்டால் அடுத்தவருக்கும் அதுதான் போகும். ஆளுக்குக் கொஞ்சமாக ஊற்றி, மிஞ்சினால் கொட்டி விடலாம். எண்ணெய் விலைக்கு மனசு வராதுதான்.

"இங்க தொட்டா தெரியுதா?"

இனிதான் முக்கியமான சங்கதி. தேமல் என்றாலே சும்மா என்று ஒரு நினைப்பு இருக்கிறது. பெரும்பாலும் அது சரி. மார்பிலும் முதுகிலும் செதில் செதிலாக வரும் சாதாரணத் தேமல் தொட்டால் ஒட்டாது. ஆனால் வெளிறியோ சிவந்தோ ஒரு தேமல் இருந்து, அந்த இடத்தில் தொடு உணர்ச்சி இல்லை என்றால் அது வேறு. அது தொழுநோயாக இருக்கலாம்.

அந்த இடம் காய்ந்து கிடக்கும். வியர்க்காது. மயிர் உதிர்ந்திருக்கும். அரிக்காது, வலிக்காது. அதனால்தான் அவன் டாக்டரிடம் போவதே இல்லை. முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பு கயிறு மாதிரி தடித்திருக்கும். உடம்பைப் பிடித்து விடுகிறவர் விரலுக்கு அது தட்டுப்படும். "இங்க தொட்டா தெரியுதா தம்பி?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். "தெரியலையே" என்று பதில் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். மருந்து இலவசம். ஆறு மாதமோ ஒரு வருஷமோ சாப்பிட்டால் குணம். மருந்து ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே மற்றவர்களுக்குப் பரவுவதும் நின்று விடும். கண்டுபிடிக்காமல் விட்டால் விரல் மடங்கும். சூடு தெரியாமல் கை வேகும். தறியில் இழை பிடிக்கிற விரல் மடங்கினால் அந்த வீட்டில் அடுப்பு எரியுமா?

தொழுநோயை ஒழித்து விட்டோம் என்று 2005-ம் ஆண்டுக் கடைசியில் நாடு அறிவித்தது. பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் கீழே வந்து விட்டது என்பதுதான் அதன் அர்த்தம். நோயே இல்லை என்று அர்த்தம் இல்லை. இந்த நோய்க்கு மருத்துவம் பார்ப்பதில் தமிழ்நாட்டுக்கு உலகப் பெயர் உண்டு. செங்கல்பட்டு திருமணியில் மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. காட்பாடி பக்கம் கரிகிரி ஆஸ்பத்திரி. மடங்கிப் போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தும் வித்தையை டாக்டர் பால் பிராண்ட் வளர்த்தெடுத்தது வேலூர் சி.எம்.சி.யில்தான். பக்கத்தில் இவ்வளவும் இருந்து, முதுகில் இருக்கும் ஒரு தேமல் யார் கண்ணிலும் படாமல் கிடந்தால் என்ன பிரயோசனம்?

பயந்து விரட்டவும் கூடாது. தொழுநோய் ஒரு தடவை தொட்டதால் வருவதில்லை. பெரும்பாலானவர்கள் உடம்பில் அதைத் தடுக்கும் சக்தி இயற்கையாகவே இருக்கிறது. வெண்புள்ளி தொற்று நோயே இல்லை. அதாவது தொற்றவே தொற்றாது. அதை 'வெண்குஷ்டம்' என்று கூப்பிட்டே எத்தனை கல்யாணத்தைக் கெடுத்தார்கள்! வெள்ளிச் செதிலாக உதிரும் சோரியாசிஸ் என்கிற காளாஞ்சகப்படையும் அப்படித்தான். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், பக்கத்து ஆளுக்கு வராது. இவர்களைப் பார்த்து "வேற கடைக்குப் போங்க" என்று சொல்வது அநியாயம். வேடிக்கை என்னவென்றால், விரட்டப்படுகிறவர் தொற்றாத நோய்க்காரர். பக்கத்து நாற்காலியில் படர்தாமரைக்காரர் துண்டோடு சொகுசாக உட்கார்ந்திருப்பார்.

அக்கியைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டை மாதிரி கொப்புளம், நெருப்பாக எரிச்சல். குயவர் வீட்டுக்குப் போய்க் காவியில் அக்கி எழுதிக் கொள்வது ஊர் வழக்கம். எழுதிக் கொள்ளட்டும். ஆனால் முதல் மூன்று நாளுக்குள் மாத்திரை ஆரம்பித்தால்தான் நல்ல பலன். வயதானவர்களுக்கு அந்த வலி மாதக்கணக்கில் நிற்கும். கொப்புளத்து நீர் பட்டால், அம்மை வராதவர்களுக்கு அம்மை வரலாம். அந்த உடம்பில் எண்ணெய் தேய்க்கவே கூடாது.

கையே வைக்கக் கூடாத இடம் இன்னும் உண்டு. ஒரு காலில் மட்டும் வீக்கம், ஆடுசதையில் வலி என்று வருகிறவரை அழுத்திப் பிடிக்கக் கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருந்தால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகும், உயிருக்கே ஆபத்து. சிவந்து, சூடாக வீங்கி, காய்ச்சலும் சேர்ந்திருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

செவ்வாய்க்கிழமை சும்மாதானே!

மசாஜ் என்றாலே அதிகாரிகளுக்கு ஞாபகம் வருவது ரெய்டு. 2021 டிசம்பரில் சென்னை ஐகோர்ட்டு நீதிபதி ஒருவர் ஸ்பாக்களில் கண்காணிப்புக் கேமரா வைக்க உத்தரவிட்டார். 2022 ஜனவரியில் மதுரைக் கிளையின் இன்னொரு நீதிபதி, அது தனி மனித அந்தரங்கத்தில் தலையிடுவது என்று தீர்ப்புச் சொன்னார். கதவைத் திறப்பதா சாத்துவதா என்று இவ்வளவு வாதம் நடந்தது. உள்ளே இருக்கிற துண்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பெரிய செலவு ஒன்றும் இல்லை. திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் திறக்கப்பட்டது. தோல் டாக்டர் ஒருவரை அங்கிருந்து ஒரு நாள் பொதட்டூர்பேட்டைக்கு அனுப்பலாம். சலூன்காரர்கள், உடம்பு பிடித்து விடுகிறவர்கள், குழந்தை குளிப்பாட்டும் ஆயாக்கள் எல்லாரையும் பேரூராட்சி கூப்பிட்டு உட்கார வைக்கலாம். படம் காட்டிச் சொன்னால் இரண்டு மணி நேரம் போதும். யாரை எங்கே அனுப்ப வேண்டும் என்று ஒரு அட்டை அச்சடித்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்லலாம்.

நாள் தேடி அலையவும் வேண்டாம். செவ்வாய்க்கிழமை சலூனுக்கு லீவு. இடம் கிடைக்கவில்லை என்று பேரூராட்சி சொன்னால், அன்றைக்கு எந்த சலூனிலும் நாற்காலி காலியாகத்தான் இருக்கும்.