மாவுப்பூச்சியா, பொறிவண்டுப் புழுவா?

ஆயக்குடி பக்கம் கொய்யா வைத்திருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: “மாவுப்பூச்சிக்காக மரத்துக்கு 10 வீதம் பொறிவண்டு வாங்கி விட்டு மூன்று வாரம் ஆகிறது. வண்டு ஒன்றிரண்டுதான் கண்ணில் படுகிறது. மாவுப்பூச்சியோ முன்பைவிடப் பெரிதாகி, கிளைகளில் ஊர்ந்து திரிகிறது. கடையில் கொடுத்த மருந்தை வாங்கி வைத்திருக்கிறேன். அடித்துவிடலாமா?”

அடிக்க வேண்டாம். ஊர்ந்து திரிபவை பெரும்பாலும் அவர் விட்ட வண்டின் புழுக்களாகத்தான் இருக்கும்.

கிரிப்டோலேமஸ் என்ற இந்தப் பொறிவண்டு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. மிளகு அளவுதான் இருக்கும். உடல் கருப்பு, தலைப்பக்கம் ஆரஞ்சு நிறம். மாவுப்பூச்சியின் பஞ்சு போன்ற முட்டைக் குவியலுக்குள்ளேயே இதுவும் முட்டையிடும். அதிலிருந்து வரும் புழுவின் உடம்பிலும் வெள்ளை மெழுகு இழைகள் வளர்வதால், பார்வைக்கு அசல் மாவுப்பூச்சிதான். காசு கொடுத்து வாங்கிய வண்டின் வாரிசுகளை மருந்தடித்துக் கொல்லும் காரியம் இந்தக் கட்டத்தில்தான் நடக்கிறது.

அடையாளம் காண்பது எளிது. வளர்ந்த மாவுப்பூச்சி 3, 4 மி.மீ. நீளம்தான், கூட்டமாக அப்பிக்கொண்டு கிடக்கும், தொட்டாலும் மெதுவாகத்தான் நகரும். பொறிவண்டுப் புழு 1 செ.மீ.க்கு மேலும் வளரும். மெழுகு இழைகள் நீளமாகத் தொங்கும். குச்சியால் தொட்டால் விறுவிறுவென்று ஓடும். புழுவும் தாய்வண்டும் இரண்டுமே மாவுப்பூச்சியைத் தின்பவை. முட்டையிலிருந்து வண்டாக ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும் என்பதால், இன்னும் இரண்டு வாரமாவது பொறுக்க வேண்டும்.

அதற்குள் கவனிக்க வேண்டியது எறும்பு. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதற்குக் காவல் நின்று, வண்டையும் புழுவையும் விரட்டும். வண்டு விட்டும் பலனில்லை என்று சொல்லும் தோட்டங்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். தரையைத் தொடும் கிளைகளைக் கவாத்து செய்து, தண்டில் பாலித்தீன் தாளைச் சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவினால் எறும்பு ஏறாது. கிரீஸைப் பட்டையில் நேராகத் தடவக் கூடாது. புழுக்கள் சருகிலும் பட்டை இடுக்கிலும் கூட்டுப்புழுவாகும். ஆகவே இப்போது சருகைக் கூட்டி எரிக்கவும் வேண்டாம்.

புழுவே இல்லாமல் மாவுப்பூச்சி மட்டும் அப்பியிருக்கும் நுனிக்கிளைகளை வெட்டி அழிக்கலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூச்சி இருக்கும் மரத்தில் வண்டு விடுவது வீண். இரை போதாமல் பறந்துவிடும்.

பப்பாளிக்கு வழி வேறு. 2008இல் கோவைப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சியைக் கட்டுப்படுத்தியது, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட அசிரோபேகஸ் என்ற சிறு குளவிதான். பப்பாளி இலையில் குரங்கு முகம் போன்ற கூட்டுப்புழு ஒட்டியிருந்தால் அதையும் நசுக்க வேண்டாம். அது மாவுப்பூச்சி தின்னும் ஸ்பால்ஜிஸ் வண்ணத்துப்பூச்சியுடையது.