கடிதம் போயிற்று, காகிதம் போகவில்லை

என் பாட்டியாருக்குத் தந்தி என்றாலே பிடிக்காது. துக்கச் செய்தி வருவதோடு, அதைப் படித்துச் சொல்ல இங்கிலீஷ் தெரிந்தவரையும் தேட வேண்டுமே!

ஆனால் 'பாக்ஸ்' யந்திரத்தைப் பிற்பாடு அவர் மெச்சினார். தந்தி, எழுத்துக்களைக் குறிகளாக்கி அனுப்புவது. அக்குறிகள் ஆதியில் ரோமன் எழுத்துக்களுக்கென்றே அமைந்தவை. பாக்ஸுக்கோ எழுத்தென்பதே தெரியாது. காகிதத்தை மெல்லிய கோடுகளாகப் பகுத்து, கோட்டுக்கு 1,728 புள்ளிகள் வீதம், கறுப்பா வெளுப்பா என்பதை மட்டும் ஒலியாக்கி டெலிபோன் கம்பியில் அனுப்பும். தமிழானாலும் கோலமானாலும் அதற்கு ஒன்றே.

இது புதுமையன்று, நேயர்களே! ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் பெய்ன் இத்தகைய யந்திரத்துக்கு உரிமை பெற்றது 1843-ல். டெலிபோனுக்குக் கிரஹாம் பெல் உரிமை பெற்றதோ 1876-ல்தான். நம் நாட்டில் 'ஹிந்து' பத்திரிகை 1969-லேயே முழுப் பக்கங்களை இத்தத்துவப்படி வெளியூருக்கு அனுப்பி அச்சிட்டது.

1994-ல் பாட்டியாரைப் பாபநாசத்திலிருந்து கும்பகோணத்துக்கு அழைத்துச் சென்றேன். சிங்கப்பூரிலிருந்த சிற்றப்பாவுக்குத் தம் கைப்பட எழுதிய கடிதத்தைக் கடையில் கொடுத்தார். அது யந்திரத்தின் மறுபக்கம் வெளிவந்ததும், "காசை வாங்கிக்கொண்டு கடுதாசியைத் திருப்பித் தருகிறாயே, அப்பா!" என்று கடைக்காரப் பையனைக் கடிந்துகொண்டார்.

பாட்டியார் காலமான பின் சிற்றப்பா தம் பிரதியை எடுத்துப் பார்த்தாராம். வெப்பத்தால் கறுக்கும் காகிதத்தில் பதிந்த எழுத்து மங்கி, வெறுந்தாளே மிஞ்சியிருந்தது. பாக்ஸில் மூலம் அனுப்பியவரிடமே தங்கிவிடுகிறதல்லவா? பாட்டியார் கோபத்தோடு வாங்கி வந்த அந்தத் தாளைச் சென்ற கோடையில் சிற்றப்பாவின் கையில் கொடுத்தேன்.

பாக்ஸில் வந்த பழைய காகிதம் வைத்திருப்போர், இன்றே அதற்கொரு நகல் எடுத்து வைப்பது நலம்.